கிறிஸ்டின் புரூக்-ரோஸ்: படிக்கும் முறை, பழகும் முறை

பிரிட்டிஷ் நாவலாசிரியர் கிறிஸ்டின் புரூக்-ரோஸின் நாவலை ஆர்வத்தோடு எடுத்து இருபதாம் பக்கத்தில் கீழே வைத்துவிடுபவர்கள் அநேகம். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். யார், எங்கே, அடுத்து என்ன நடந்தது என்று தேடிக்கொண்டே போகிறார்கள். இவருடைய நாவலில் முதலில் தேட வேண்டியது வேறு: இந்தப் புத்தகத்தில் எது இல்லை? ஒரு நாவலில் ‘நான்’ இல்லை. இன்னொன்றில் குறிப்பிட்ட ஒரு வினைச்சொல் எங்குமே இல்லை. மற்றொன்றில் நடந்து முடிந்தது என்று எதுவும் இல்லை. மொழியிலிருந்து எதை எடுத்துவிட்டாரோ, அதுவே அந்த நாவலின் மையப் பாத்திரத்திடமிருந்து பறிபோனதாகவும் இருக்கும். இந்த ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டால் கடினம் என்று பெயர் வாங்கிய இந்த எழுத்தாளர் நெருங்கி வருவார். அவரைப் படிப்பது எப்படி, அவர் முறையில் தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பழகுவது எப்படி என்பதை இங்கே வரிசையாகப் பார்க்கலாம்.

வாழ்க்கை: தெரிந்திருக்க வேண்டிய அளவு

1923 ஜனவரி 16 அன்று ஜெனீவாவில் பிறந்தார். தந்தை ஆங்கிலேயர், தாய் வழியில் சுவிஸ், அமெரிக்க வேர்கள். வளர்ந்தது பிரஸ்ஸல்ஸில். பிரெஞ்சும் ஆங்கிலமும் ஜெர்மனும் சிறுவயதிலேயே வசப்பட்டவை. இரண்டாம் உலகப் போரில் பெண்கள் துணை விமானப்படையில் சேர்ந்து, பிரிட்டனின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்கில், மூன்றாம் குடிலில், இடைமறித்த ஜெர்மானியச் செய்திகளை மதிப்பிடும் வேலை பார்த்தார். போரை எதிரியின் சொற்கள் வழியாக நாள்தோறும் படித்த பெண் அவர். பின்னால் நாவல்களில் வேறொருவர் மொழிக்குள் நுழைந்து நிற்கும் ஆற்றலுக்கு இந்த வேலையில் ஒரு வேர் உண்டு.

போருக்குப் பின் ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் கல்லூரியில் 1949-இல் பட்டம். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் 1954-இல் முனைவர் பட்டம். ஆய்வு இடைக்கால பிரெஞ்சு, ஆங்கிலக் கவிதைகளைப் பற்றியது. போலந்துக் கவிஞரும் நாவலாசிரியருமான யெர்சி பியெட்டர்கியேவிச்சை 1948-இல் மணந்தார். 1957 முதல் 1961 வரை வழக்கமான பாணியில் நான்கு நாவல்கள் வந்தன. 1962-இல் சிறுநீரக அறுவைசிகிச்சையும் நெடிய உடல்நலக் குறைவும். அதிலிருந்து எழுந்தபோது எழுத்து முற்றிலும் மாறியிருந்தது. 1964-இல் ‘அவுட்’, 1966-இல் ‘சச்’, 1968-இல் ‘பிட்வீன்’. அதே 1968-இல் பாரிஸுக்குக் குடிபெயர்ந்து, வான்சென் பல்கலைக்கழகம் என்று அறியப்பட்ட பாரிஸ் எட்டாம் பல்கலைக்கழகத்தில் 1988 வரை ஆங்கில, அமெரிக்க இலக்கியமும் இலக்கியக் கோட்பாடும் கற்பித்தார். ஓய்வுக்குப் பின் தெற்கு பிரான்ஸில் கப்ரியேர்-தவிஞ்ஞோன் என்ற ஊரில் வாழ்ந்தார். 2012 மார்ச் 21 அன்று காலமானார்.

இதில் மூன்று செய்திகளை மட்டும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: மூன்று மொழிகளுக்கு நடுவே வளர்ந்தவர், இலக்கணம் படித்தவர், 1962 நோய். இவை மூன்றும் நாவல்களைப் படிக்கும்போது உதவும். மூன்று திருமணங்களின் விவரத்தைத் துருவிக்கொண்டிருந்தால் ‘ரீமேக்’ தவிர வேறெங்கும் பெரிய பயன் இல்லை.

எதை வாங்குவது, எந்த வரிசையில் படிப்பது

‘அவுட்’, ‘சச்’, ‘பிட்வீன்’, ‘த்ரூ’ ஆகிய நான்கும் ஒரே தொகுதியாக 1986-இல் கார்க்கனெட் பதிப்பகம் வெளியிட்டது. பழைய புத்தகமாகத் தேடுபவர்கள் இந்தத் தொகுதியைத் தேடுவது நல்லது. ‘த்ரூ’, ‘நெக்ஸ்ட்’ இரண்டையும் அச்சில்தான் படிக்க வேண்டும். சொற்கள் பக்கத்தில் எங்கே நிற்கின்றன என்பதும் அங்கே பொருளின் பகுதி. எழுத்தளவை மாற்றினால் வரி ஓடிவிடும் மின்நூலில் அந்த அமைப்பு குலைந்துபோகும்.

வரிசை எங்கள் கணிப்பில் இப்படி: முதலில் ‘அவுட்’. அடுத்து ‘பிட்வீன்’. மூன்றாவதாக, 1984-இல் வந்த ‘அமால்கமெம்னான்’. அதன் பிறகு தன்வரலாற்று நாவலான ‘ரீமேக்’ (1996), பின்னர் ‘நெக்ஸ்ட்’ (1998). ‘த்ரூ’ (1975) கடைசியில். பலர் ‘த்ரூ’தான் உச்சம் என்று கேள்விப்பட்டு அதிலிருந்து தொடங்குகிறார்கள். அது அமைப்பியல் (இலக்கியத்தைக் குறிகளின் அமைப்பாகப் பார்க்கும் பார்வை) கோட்பாட்டு வகுப்பறைக்குள்ளேயே நடக்கும் நாவல். முன்பழக்கம் இல்லாமல் போனால் வெறும் அச்சு விளையாட்டாகத் தெரிந்துவிடும். கதைச்சுவை வேண்டும் என்பவர்கள் ‘ஸோராண்டார்’ (1986) வழியாக நுழையலாம்: கார்ன்வாலில் இரட்டைக் குழந்தைகள் இருவர் பேசும் கல் ஒன்றைக் கண்டுபிடிக்கிறார்கள்; கணினி போலச் சிந்திக்கும் அந்தக் கல்லுக்குக் கதிரியக்கம்தான் உணவு. கதையைச் சொல்பவர்களும் அந்தக் குழந்தைகளே. முதல் நான்கு நாவல்களை விட்டுவிட்டாலும் நட்டமில்லை. வேண்டுமானால் 1960-இன் ‘தி டியர் டிசீட்’டை மட்டும் புரட்டலாம். தந்தையின் வாழ்க்கையை அதில் பின்னாலிருந்து முன்னாகச் சொல்கிறார். வடிவத்தின் மேல் அவருக்கிருந்த ஆசை 1962-க்கு முன்பே அங்கே தலைகாட்டுகிறது.

நோட்டும் மூன்று சுற்றும்

ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும். ஒரு அமர்வுக்குப் பதினைந்து பக்கம் மேல் வேண்டாம். அந்தப் பதினைந்தையும் மூன்று சுற்றாகப் படியுங்கள்.

முதல் சுற்றில் நிறுத்தாமல், அகராதி பார்க்காமல், புரிகிறதா என்று சோதிக்காமல் படியுங்கள். இயன்றால் வாய்விட்டு. இவருடைய வாக்கியங்கள் காதுக்குச் சீக்கிரம் பிடிபடும், கண்தான் தடுமாறும்.

இரண்டாம் சுற்றில் பென்சிலோடு. வாக்கியம் நடுவில் இடம் மாறினால் அங்கே ஒரு செங்குத்துக் கோடு. முன்பு வந்த காட்சி சிறு மாற்றத்தோடு திரும்ப வந்தால் ஓரத்தில் ஒரு எழுத்து: முதல் முறைக்கு ‘அ’, அதே காட்சி மறுபடி வந்தால் மீண்டும் ‘அ’, பக்கத்தில் என்ன மாறியது என்பதற்கு ஒரு சொல்.

மூன்றாம் சுற்றில் இல்லாததைத் தேடுங்கள். ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்து எல்லா வினைச்சொற்களையும் நோட்டில் ஒரு பத்தியிலும், எல்லாச் சுட்டு, மூவிடப் பெயர்களையும் (நான், நீ, அவர் போன்றவை) இன்னொரு பத்தியிலும் எழுதுங்கள். காலத்தை வினைக்குப் பக்கத்தில் குறியுங்கள். இரண்டு மூன்று பக்கங்களுக்கு இப்படிச் செய்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். தடை என்ன என்று முன்கூட்டியே தெரிந்திருந்தாலும் (இந்தக் கட்டுரையே சிலவற்றைச் சொல்லிவிடுகிறது) இந்தப் பயிற்சியை விடாதீர்கள். தகவலாகத் தெரிவது வேறு; பக்கத்தின் மேல் அதை உணர்வது வேறு.

‘அவுட்’: சொல்பவர் இல்லாத நிகழ்காலம்

பேரழிவுக்குப் பிந்தைய உலகம். நிற ஆதிக்கம் தலைகீழாகிவிட்டது. வெள்ளையர்கள் நோயாளிகள், நம்பத்தகாதவர்கள், வேலை கிடைக்காதவர்கள். ஆப்பிரிக்காவில் அப்படி ஒரு முதிய வெள்ளையர், வேலை தேடி அலைகிறார். முதல் வரியிலேயே முழங்காலின் மேல் இரண்டு ஈக்கள். பல பத்திகளுக்கு நீளும் அந்தப் பார்வையில் பார்ப்பவர் யார் என்ற சொல் வராது. கதை சொல்லும் குரலில் நாவல் முழுவதும் தன்மை ஒருமை கிடையாது; நிகழ்காலம் மட்டும்.

பிரான்ஸில் அலேன் ராப்-கிரியே வளர்த்தெடுத்த உத்தி இது. புரூக்-ரோஸ் அவருடைய நாவல் ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்து, அதற்கு 1969-இல் பிரிட்டனின் கலை மன்றத்தின் மொழிபெயர்ப்புப் பரிசும் பெற்றவர். ஆனால் அங்கிருந்து எடுத்ததை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினார். வேலையும் நிறத்தின் மதிப்பும் உடல்நலமும் போன ஒரு மனிதருக்கு ‘நான்’ என்று சொல்லும் உரிமை எங்கிருந்து வரும்? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் முந்தைய தொழில் என்ன என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பதில் மாறுகிறது. எது உண்மை என்று முடிவுகட்டப் பார்த்தால் வாசிப்பு நின்றுவிடும். பதில்களை நோட்டில் வரிசையாக எழுதிவையுங்கள், அது போதும்.

இன்னொன்றையும் பட்டியலிடுங்கள்: கருவிகள். நுண்ணோக்கி இருந்தால் இது தெரியும், தொலைநோக்கி இருந்தால் அது தெரியும் என்று வாக்கியங்கள் அடிக்கடி வரும். வெறும் கண்ணுக்கு அதிகாரம் இல்லாத உலகம். கருவி சொன்னால்தான் உண்மை. ஒரு காட்சி நடந்ததா, அவர் மனத்தில் ஓட்டிப் பார்த்ததா என்பது நிகழ்காலத்தில் எழுதியதால் பிரித்தறிய முடியாது. அந்தக் குழப்பம் வாசகரின் குறை இல்லை. அது அந்த மனிதரின் நிலை.

‘பிட்வீன்’: எதுவாகவும் இராத பெண்

தமிழ் வாசகர்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய நாவல் இது என்பது எங்கள் உறுதியான எண்ணம். பிரெஞ்சுத் தாய்க்கும் ஜெர்மானியத் தந்தைக்கும் பிறந்த பெண், மாநாடுகளில் உடனடி மொழிபெயர்ப்பாளர். விமானம், ஹோட்டல், கண்ணாடிக் கூண்டு, காதில் கேட்பான், மறுபடி விமானம். மற்றவர்கள் கருத்துகள் அவர் வாய்வழியே ஓடுகின்றன; அவருக்கென்று எதுவும் தங்குவதில்லை.

இந்த நாவலில் ஆங்கிலத்தின் ‘டு பி’ என்ற வினை எந்த வடிவத்திலும் இல்லை. ‘இஸ்’, ‘வாஸ்’, ‘ஆர்’ எதுவும் வராது. இதன் விளைவை நிதானமாகக் கணக்கிட்டுப் பாருங்கள். ‘அவள் ஆசிரியை’ என்ற வகை வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுத முடியாது. தொடர்வினை போயிற்று. செயப்பாட்டுவினை போயிற்று. ‘அங்கே ஒரு கதவு இருந்தது’ என்பதும் போயிற்று. அடையாளம் சொல்லும் எல்லா வழியும் அடைபட்டபின் மிஞ்சுவது இயக்கம்தான். அதனால்தான் அந்த உரைநடை ஓரிடத்தில் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு வாக்கியம் ஒரு ஹோட்டல் அறையில் தொடங்கி இன்னொரு நாட்டின் இன்னொரு அறையில் முடியும். காலை உணவுத் தட்டு, மினரல் வாட்டர் புட்டியின் லேபிள், விமான அறிவிப்பு போன்ற ஏதோவொன்று பாலமாக நிற்கும். நீங்கள் போடும் செங்குத்துக் கோடுகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட பொருளுக்குப் பக்கத்தில்தான் விழும். அந்தப் பொருள்களைத் தனியே எழுதினால் நாவலின் வரைபடம் கிடைத்துவிடும்.

ஆண், பெண் என்று பிரிக்க முடியாத ஒரு பாத்திரத்தோடு இந்த நாவலைத் தொடங்கி, நகராமல் நின்றுபோய், இடையில் ‘சச்’ எழுதி, பிறகுதான் மையம் ஒரு பெண்ணாக வேண்டும் என்று கண்டுகொண்டார் புரூக்-ரோஸ். தடை மட்டும் இருந்து ஆள் இல்லாதபோது எழுத்து ஓடவில்லை என்பதை எழுதிப் பழகுபவர்கள் கவனிக்க வேண்டும்.

இங்கே வாசகர்கள் செய்யும் பெரிய பிழை, வேற்றுமொழிச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் பொருள் பார்ப்பது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், போலிஷ், துருக்கி என்று பல மொழிகள் குறுக்கே வருகின்றன. தெரியாத மொழியின் அறிவிப்புப் பலகைக்கு முன் நிற்கும் பயணியின் நிலை வாசகருக்கும் வர வேண்டும். முதல் வாசிப்பில் எந்தச் சொல்லையும் தேடாதீர்கள். இரண்டாம் வாசிப்பில் மூன்று முறைக்கு மேல் திரும்ப வரும் சொற்களை மட்டும் பாருங்கள்.

இதே காலத்தில் பிரான்ஸில் ஊலிப்போ என்ற குழு இப்படிப்பட்ட தடைகளை வைத்து இயங்கியது. அதைச் சேர்ந்த ஜார்ஜ் பெரெக் ஒரே உயிரெழுத்தை விலக்கி எழுதிய நாவல் 1969-இல், அதாவது ‘பிட்வீனு’க்கு அடுத்த ஆண்டு வெளிவந்தது. பெரெக் நாவலின் தடை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. புரூக்-ரோஸின் தடையை விமர்சகர்கள் நெடுங்காலம் கவனிக்கவே இல்லை. அவர் ஊலிப்போ உறுப்பினரும் இல்லை. 2002-இல் வந்த கடைசிக் கட்டுரைத் தொகுப்புக்கு ‘கண்ணுக்குத் தெரியாத ஆசிரியர்’ என்ற பொருளில் பெயர் வைத்து, தன் தடைகளைத் தானே விளக்க வேண்டியிருந்தது. ஓர் எழுத்தாளருக்கு இது நேர்ந்திருக்கக் கூடாது.

மற்றவை, சுருக்கமாக

‘அமால்கமெம்னான்’: வேலையிழக்கப் போகும் பேராசிரியை. எதிர்காலம், நிபந்தனை, ஏவல், விருப்பம் ஆகியவை மட்டுமே அனுமதி. நடந்தது, நடக்கிறது என்று ஒரு வாக்கியமும் இல்லை. நம்பாதவர்கள் நடுவே வரப்போவதைச் சொன்ன கிரேக்கப் புராணக் கசாண்ட்ரா இங்கே மறுபிறவி எடுக்கிறாள். வானொலிச் செய்தி, பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ், பன்றிப் பண்ணைக் கனவு எல்லாம் ஒரே பெருக்கில் கலந்து வரும். ஒரே மூச்சில் நாற்பது பக்கம் படித்தால் சுருதி பிடிபடும். பதினைந்து பக்க விதிக்கு இது விலக்கு.

‘ரீமேக்’: முதலில் வழக்கம்போல் தன்வரலாற்றை எழுதி, அதில் நிறைவில்லாமல், மூவிடப் பெயர்களை எல்லாம் அகற்றித் திரும்ப எழுதிய நூல். தாயின் மரணத்தைப் பற்றிய ஒரே அத்தியாயத்தில் மட்டும் அவை திரும்பி வருகின்றன.

‘நெக்ஸ்ட்’: லண்டன் தெருவாசிகள். இருபத்தாறு பாத்திரங்கள், எழுத்துக்கு ஒருவர். வீடற்ற பத்துப் பேரின் முதலெழுத்துகள் ஆங்கிலத் தட்டச்சுப் பலகையின் மேல்வரிசை. ‘டு ஹேவ்’ என்ற வினை இல்லை. உடைமை மட்டும் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்: ஆங்கிலத்தில் அந்த வினைதான் முற்றுநிலைக் காலத்துக்கும் துணை, ‘செய்தாக வேண்டும்’ என்பதற்கும் துணை. எதுவும் சொந்தமில்லாதவர்களுக்கு முடித்துவைத்த கடந்தகாலமும் இல்லை, போயாக வேண்டிய இடமும் இல்லை. லண்டன் பேச்சொலியை அப்படியே எழுத்துக்கூட்டியிருப்பதால் வாய்விட்டுப் படிக்காமல் இதில் நகர முடியாது.

‘த்ரூ’வை எடுக்கும்போது ஒரு தாளில் அதன் இரண்டு மையப் பெயர்களையும் ஆங்கில எழுத்துகளில் எழுதுங்கள்: ஆர்மெல் சான்டோரெஸ், லாரிஸா டோரென். பொதுவான எழுத்துகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். ஆணின் பெயரில் ‘எம்’, ‘இ’ என்ற இரண்டெழுத்தும், பெண்ணின் பெயரில் ‘ஐ’ என்ற ஓரெழுத்தும் மிஞ்சும். ஆங்கிலத்தில் முதலது ‘என்னை’, இரண்டாவது ‘நான்’. யார் யாரை எழுதுகிறார்கள் என்று அந்த நாவல் கடைசிவரை இழுத்துச் செல்லும் கேள்வி பெயர்களிலேயே பதிந்திருக்கிறது.

ஆய்வு நூல்களை எப்போது எடுப்பது

நாவல்களுக்கு முன்பு எடுக்காதீர்கள். ‘பிட்வீன்’ முடித்த பிறகு எடுங்கள். 1958-இல் வெளியான ‘எ கிராமர் ஆஃப் மெட்டஃபர்’ சாசர் முதல் டிலன் தாமஸ் வரை பதினைந்து கவிஞர்களின் உருவகங்களை ஆராய்கிறது. உருவகத்தில் எது எதற்கு ஒப்பாகிறது என்ற பொருள்வழிப் பிரிப்பை அவர் ஒதுக்கிவைக்கிறார். பெயர்ச்சொல்லால் நேரே மாற்றுவதா, சுட்டிக்காட்டுவதா, ‘இது அது’ என்று இணைப்பதா, ‘ஆக்கு’ என்ற வினையால் இணைப்பதா, ஆறாம் வேற்றுமையால் இணைப்பதா, அல்லது வினைச்சொல்லே உருவகமா என்று இலக்கணத்தின்படி பிரிக்கிறார். ‘இது அது’ என்ற இணைப்பின் பலத்தையும் பலவீனத்தையும் அளந்து பார்த்தவர், பத்து ஆண்டுகள் கழித்து அந்த இணைப்பையே துறந்து ஒரு நாவல் எழுதினார். ஆய்வாளரும் நாவலாசிரியரும் ஒரே ஆள்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பெயர்ச்சொல் பகுதியையும் வினைச்சொல் பகுதியையும் முழுதாகப் படியுங்கள். இடையில் வரும் எடுத்துக்காட்டுகளில் தெரியாத கவிஞரைத் தாண்டிப் போகலாம்.

1990-இல் கேம்பிரிட்ஜில் இத்தாலிய எழுத்தாளர் உம்பெர்ட்டோ எக்கோ ஆற்றிய உரைகளுக்கு எதிர்வினையாற்றிய மூவரில் இவரும் ஒருவர். மற்ற இருவர் ரிச்சர்ட் ரோர்ட்டி, ஜோனதன் கல்லர். வரலாற்றின் மேல் வரலாற்றை எழுதும் நாவல்களைப் பற்றி அப்போது புரூக்-ரோஸ் அளித்த கட்டுரை சிறியது, தெளிவானது. கோட்பாட்டாளராக அவரை அறிய அதுவே நல்ல வாசல். மேலே ஆய்வு செய்ய விரும்புபவர்களுக்கு: அவருடைய தாள்கள் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையத்தில் இருக்கின்றன.

தமிழில் ஒரு பக்கம்

அவர் தடைகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் வேலை செய்யாது. ‘அவர் ஆசிரியர்’, ‘இது வீடு’ என்று வினையே இல்லாமல் நாம் நாள்தோறும் பேசுகிறோம். ‘பிட்வீன்’ தடை நமக்குப் பாதி தடையே இல்லை. ஆகவே தொடங்க வேண்டிய இடம் ஆள்தான். உங்கள் பாத்திரம் எதை இழந்தவர் என்று ஒரே வரியில் எழுதுங்கள். பிறகு, அந்த இழப்பைத் தமிழ் எந்த உறுப்பால் சொல்கிறது என்று பாருங்கள். அந்த உறுப்பை எடுத்துவிடுங்கள். மூன்று தடைகளைச் சொல்கிறோம்.

தன்மை இல்லாமை. ‘நான்’ என்ற சொல்லை விட்டால் மட்டும் போதாது. ‘போனேன்’ என்ற விகுதியிலேயே நான் உட்கார்ந்திருக்கிறேன். தடைப்பட்டியலில் நான், நாம், நாங்கள், அவற்றின் வேற்றுமை உருபேற்ற வடிவங்கள், ஏன், ஓம் விகுதிகள் அனைத்தும் சேர வேண்டும். அனுமதிப்பட்டியலில் அஃறிணை முற்று, தொழிற்பெயர், வினையில்லா வாக்கியம். வழக்கமான வடிவம்: ‘நான் ஒன்பது மணிக்கே வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். என் பெயரைக் கூப்பிடவில்லை. எனக்குப் பசித்தது.’ தடைக்குள்: ‘ஒன்பது மணிக்குக் கதவு திறக்கிறது. கம்பிக்கு அப்பால் ஒரு குரல் பெயர்களைப் படிக்கிறது. படித்த பெயர்கள் எழுந்து போகின்றன. பெஞ்சின் விளிம்பு தொடையில் அழுந்துகிறது. வயிற்றில் காலைக் காப்பியின் புளிப்பு.’ இங்கே தவறு எங்கே வரும்? ‘ஒருவர்’, ‘அந்த மனிதர்’ என்று படர்க்கைக்குத் தாவிவிடுவோம். அது தடையைத் தாண்டிக் குதிப்பது; இழப்பு தெரியாது. பார்வை உடலுக்குள்ளேயே இருக்க வேண்டும், உடலுக்குப் பெயர் மட்டும் இருக்கக் கூடாது.

நடந்தது இல்லாமை. ‘நாளை அழைப்பார்கள். நாற்காலியைக் காட்டுவார்கள். உட்கார்ந்தால் கடிதத்தை நீட்டுவார்கள். நீட்டட்டும்.’ எளிதாகத் தெரியும், ஆனால் கசிவு அதிகம் உள்ள தடை இது. தமிழ் எதிர்கால வடிவம் வழக்கத்தையும் சொல்லும்: ‘அந்தக் காலத்தில் தினமும் மைதானத்துக்கு வருவார்’ என்பது கடந்தகாலம். ‘தெரியும்’, ‘பிடிக்கும்’, ‘வேண்டும்’, ‘முடியும்’ வடிவத்தில் எதிர்காலம் போல, பொருளில் இப்போதைய நிலை. ‘வந்த மனிதர்’ போன்ற பெயரெச்சத்துக்குள் இறந்தகாலம் ஒளிந்திருக்கும். ‘வரும் மனிதர்’ என்று மாற்றுங்கள். ‘இல்லை’க்குப் பதில் ‘மாட்டார்’, ‘இருக்காது’. வினையில்லா வாக்கியமும் இங்கே குற்றம், அது நிகழ்காலத்தை உறுதியாகச் சொல்லிவிடுகிறது. ‘என்று’ என்பதை மட்டும் இடைச்சொல்லாகக் கருதி விட்டுவிடலாம்.

உடைமை இல்லாமை. தமிழில் உடைமை ஒரு வினையில் இல்லை, பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது: உண்டு, ‘எனக்கு’, ‘அவரிடம்’ என்பவற்றோடு சேரும் ‘இருக்கிறது’, உடைய, அது என்ற உருபுகள், என், உன், அவர் என்று பெயருக்கு முன்னால் நிற்கும் சொற்கள், வைத்திருத்தல். எல்லாவற்றையும் விலக்குங்கள். ‘பாலத்துக்குக் கீழே ஒரு பை இருக்கிறது’ என்பது சரி, அது இடம் மட்டும் சொல்கிறது. யாருடைய பை என்று சொல்ல வழியில்லாமல் போகும்போது அந்தப் பக்கம் உயிர்பெறும். ‘நெக்ஸ்ட்’ அளவுக்குக் கடுமை வேண்டுமென்றால் ‘வந்திருக்கிறார்’ என்ற முற்றுநிலையையும் சேர்த்து விலக்குங்கள்.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்து, தடை ஒரு பக்கமும் அனுமதி மறுபக்கமுமாக ஒரு அட்டையில் எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். 300 சொற்கள், இரண்டு அமர்வு. முதலில் வழக்கமாக எழுதி அப்புறம் மாற்றுவது ‘ரீமேக்’ எழுதிய கைக்குச் சரிப்படும். பழகுபவர் அப்படிச் செய்தால் சொல்லுக்குச் சொல் மாற்றுச்சொல் வைத்துக்கொண்டு போவார். வாக்கியத்தின் எலும்பு மாறாது. நேரே தடைக்குள் எழுதுங்கள். முதல் ஐந்து வாக்கியம் முடக்குவாதம் போல வரும். அதன்பின் இளகும்.

கசிவு தேடக் கணினி உதவும், ஆனால் முழுதாக நம்ப முடியாது. தன்மை விகுதியைப் பிடிக்க ‘ேன்’ என்று தேடினால் ‘வந்தேனென்று’, ‘போனேனா’ போன்றவை தப்பிவிடும். புள்ளியில்லாமல் ‘ேன’ என்று தேடினால் இரண்டும் அகப்படும், கூடவே தேனும் தேனீயும் வரும். ‘ோம’ என்று தேடும்போது சோமவாரம், சோம்பல் எல்லாம் வந்து நிற்கும். சில பழைய கோப்புகளில் ஓகாரக் குறி இரண்டு துண்டாகத் தட்டச்சாகியிருக்கும்; அது தேடலில் சிக்காது. கடைசியில் ஒருமுறை அச்செடுத்து, பத்தியைக் கீழிருந்து மேலாக, வாக்கியம் வாக்கியமாகப் படியுங்கள். கதையின் ஓட்டம் இல்லாதபோது விகுதி கண்ணில் படும்.

தடையை ஓரிடத்தில் உடைக்க விரும்பினால் ‘ரீமேக்’கைப் போல ஒரே ஒரு முறை உடைக்கலாம். எந்த இடத்தில் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே அட்டையின் அடியில் குறித்துவிடுங்கள். பிறகு அந்தப் பக்கத்தை, தடை என்னவென்று சொல்லாமல், நல்ல வாசகர் ஒருவரிடம் கொடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த ஆளுக்கு என்ன இல்லை? அவர் இலக்கணக் கலைச்சொல்லில் பதில் சொன்னால் ஆளைத் திரும்ப எழுத வேண்டும். வேலை, வீடு, நாளை, பெயர் என்று சொன்னால் பக்கம் முடிந்தது. அடுத்த 300 சொற்களுக்குப் போகலாம்.